பாயசத்துக்கு வந்து சேர்ந்தவர்கள்

போன இதழில் ‘ஃபயர் எம்ப்ளம்’ ஆட்டங்களைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: கடைசி நேரத்தில் வந்து சேரும் ஆளை என்ன செய்வது, நோஞ்சானை வளர்க்கலாமா, யாரை உட்காரவைப்பது. சரி, இந்தத் தடவை முழுக்க அதுவே.

ஆடாதவர்களுக்கு ஒரு வரி. கட்டம் போட்ட வரைபடம், நம் ஆட்கள் எல்லாரும் நகர்ந்த பிறகு எதிரியின் முறை, செத்தவர் செத்தவர்தான், திரும்பி வரமாட்டார். ஜப்பானில் 1990இல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவியில் தொடங்கிய தொடர் இது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் களமிறக்க இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. சண்டை எல்லாம் அந்த இடத்துக்குத்தான்.

‘தி பிளேசிங் பிளேடு’ ஆடுகிறேன். நினோவை வளர்த்துவிட்டால் ஆட்டத்திலேயே சிறந்த மந்திரக்காரி ஆவாள் என்று நண்பர்கள் சத்தியம் செய்கிறார்கள். இரண்டு அத்தியாயத்துக்குள் மூன்று முறை ரீசெட் அடித்துவிட்டேன். தப்பு என்னிடமா, அவளிடமா?
– கல்லூரி மாணவர், மதுரை

தப்பு உங்கள் நண்பர்களிடம். அவர்கள் பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னார்கள்.

இந்த ஆட்டம் 2003இல் கேம் பாய் அட்வான்சில் வந்தது. ஜப்பானுக்கு வெளியே வந்த முதல் ஃபயர் எம்ப்ளம், அதனால் அப்போது பெயரே வெறும் ‘ஃபயர் எம்ப்ளம்’தான். நினோ அதில் ஆட்டம் முடியும் தறுவாயில், மிச்ச அத்தியாயங்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம் என்கிற இடத்தில், லெவல் 5 மேஜாக, அதாவது தொடக்கநிலை மந்திரக்காரியாக, வந்து நிற்கிறாள். உயிர் 19, தற்காப்பு 4. இந்த இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 23. தாக்குதல் 23 உள்ள எவன் தொட்டாலும் ஒரே அடியில் காலி. அந்தக் கட்டத்தில் ஈட்டியோடு பறந்து வருகிறவர்களுக்கு 23 எல்லாம் ஒரு விஷயமே இல்லை. உங்கள் மூன்று ரீசெட்டுக்கும் காரணம் இந்த ஒரு கூட்டல்தான்.

இதைவிட மோசம் எடைக் கணக்கு. அவள் வேகம் 11 என்று பார்த்ததும் சந்தோஷமாக இருக்கும். கையில் எல்ஃபயர் என்ற மந்திரப் புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். அந்தப் புத்தகத்தின் எடை 10, அவளுடைய உடல்கட்டு 3, மிச்சம் 7 அப்படியே வேகத்தில் கழியும். 11 போய் 4 ஆகிவிடும். இந்த ஆட்டத்தில் வேகம் 4 புள்ளி அதிகம் இருந்தால் இரட்டை அடி என்பதால், 8 வேகம் உள்ள தடித்த சிப்பாய்கூட அவளை இரண்டு முறை அடிப்பான். சாதாரண ஃபயர் புத்தகம் கொடுத்தால் வேகம் தப்பிக்கும், ஆனால் அடி கொசுக்கடிதான்.

இப்போது பக்கத்தில் பென்ட்டை நிறுத்துங்கள். அவர் நினோவுக்கு முன்பே சேர்ந்துவிடுகிறார், ப்ரொமோட் ஆன, அதாவது மேஜிலிருந்து உயர் தொழிலுக்கு ஏறிய சேஜ், லெவல் 6. மாயம் 18, வேகம் 17, உயிர் 33, தற்காப்பு 11. அவரை ஒரே அடியில் வீழ்த்த 44 வேண்டும். நினோவின் வளர்ச்சி விகிதம், அதாவது ஒவ்வொரு லெவலிலும் ஒரு புள்ளி கூடும் வாய்ப்பு, மாயத்துக்கு 50 சதவீதம், வேகத்துக்கு 60. லெவல் 5இலிருந்து 20 வரை 15 லெவல் ஏற்றினால் சராசரியாக மாயம் 14 அல்லது 15, வேகம் 20. வேகத்தில் பென்ட்டை முந்திவிட்டாள், ஒப்புக்கொள்கிறேன். மாயத்தில் இன்னும் அவர் வந்த நாள் கணக்கையே தொடவில்லை. ப்ரொமோட் செய்து இன்னும் சில லெவல் போனால் முந்துவாள்தான், ஆனால் போக அத்தியாயம் எங்கே இருக்கிறது?

15 லெவல் என்றால் 1500 எக்ஸ்பி, அனுபவப் புள்ளி. நோஞ்சான் பலசாலியைக் கொன்றால் நிறையக் கிடைக்கும், அதனால் கொலைக்கு 50 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியும் முப்பது கொலை வேண்டும். அந்த முப்பதும் தானாக விழாது. ஒருவர் அடித்து எதிரியைக் குற்றுயிராக்க வேண்டும், கொன்றுவிடவும் கூடாது. இன்னொருவர் நினோவுக்கு முன்னால் சுவராக நிற்க வேண்டும். அவள் வந்து கடைசி அடி கொடுத்துவிட்டு அடுத்த எதிரி முறையில் உயிரோடு இருக்க வேண்டும். ஆக ஒரு கொலைக்கு மூன்று பேருடைய நகர்வு போகிறது. ‘எக்ஸ்பி வீணாகிறது’ என்று சிலர் திட்டுவார்கள், எனக்கு அது பொருட்டில்லை, ஆட்டம் முடியும்போது எக்ஸ்பியை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப் போகிறார்கள்? போவது நகர்வு. அதுதான் விலை.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை: கோல், குணமாக்கவும் உதவவும் பயன்படும் மந்திரக்கோல். பென்ட் வரும்போதே கோலில் ஏ தகுதி. தூரத்திலிருந்து குணமாக்கும் பிசிக், ஆளைத் தூக்கி வேறிடத்தில் போடும் வார்ப், இரண்டையும் முதல் நாளே அவரால் பயன்படுத்த முடியும். நினோ ப்ரொமோட் ஆன பிறகுதான் கோலைத் தொடவே முடியும், அதுவும் அடிமட்டத் தகுதியில். பெரிய கோல்களை அவள் தூக்குவதற்குள் கடைசி டிராகன் விழுந்திருக்கும்.

‘நான் வளர்த்தேன், கடைசியில் கலக்கினாள்’ என்பார்கள். எலிவுட் நார்மல் என்ற சுலபமான முறையில் யாரை வளர்த்தாலும் கலக்குவார்கள் ஐயா. அங்கே இடம் தாராளம். அதே காரியத்தை ஹெக்டர் ஹார்ட் என்ற கடினமான முறையில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

பிடித்திருந்தால் வளர்த்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. சிறந்தவள் என்று மட்டும் பட்டம் கட்டாதீர்கள்.

பிளேசிங் பிளேடில் தொடக்கத்திலேயே வரும் மார்க்கஸ் எக்ஸ்பியைத் தின்றுவிடுவார், ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டு ஓரமாக நிறுத்து என்று அண்ணன் சொல்கிறான். சரியா?
– பிளஸ் டூ மாணவி, திருச்சி

அண்ணனிடம் சொல்லும்மா, அது 1990 ஆட்டத்துக் கதை. அதில் ஜேகன் என்று ஒரு கிழட்டுக் குதிரைவீரர் வருவார், வந்த நாளோடு சரி, அப்புறம் வளரவே மாட்டார். அவர் பெயரையே ரசிகர்கள் இந்த மாதிரி ஆட்களுக்கெல்லாம் ஒட்டிவிட்டார்கள். அதோடு அவருடைய கெட்ட பெயரும் ஒட்டிக்கொண்டது.

மார்க்கஸ் வரும்போது உயிர் 31, பலம் 15, தற்காப்பு 10. மற்றவர்கள் தட்டுத் தடுமாறும் நேரத்தில் இவர் தனியாக ஒரு வழியை அடைத்துக்கொண்டு நிற்பார். மூன்று வகை ஆயுதம், குதிரை, ஆபத்தில் மாட்டியவரைத் தூக்கிக்கொண்டு ஓடவும் தெரியும். கடைசி அத்தியாயங்களில் மங்கிவிடுவார் என்றே வைத்துக்கொள், அதற்குள் எத்தனை அத்தியாயம் உழைத்திருப்பார் என்று எண்ணிப் பார். நினோவுக்கு நேர் எதிர். ஆளை எடைபோடும்போது ‘கடைசியில் எவ்வளவு பலம்’ என்பதை மட்டும் பார்ப்பதால்தான் இவருக்குக் குறைந்த மதிப்பெண்ணும் அவளுக்கு அதிக மதிப்பெண்ணும் விழுகிறது.

‘தி சேக்ரட் ஸ்டோன்ஸ்’ ஆட்டத்து சேத் இன்னும் ஒரு படி மேலே. தொடக்கத்திலேயே வருகிறார், வளர்ச்சியும் நன்றாக இருக்கிறது. அவரை ஓரமாக உட்காரவைப்பது, வீட்டில் பம்புசெட் இருக்கும்போது கிணற்றில் கயிறு விட்டு இறைக்கிற மாதிரி.

‘தி பைண்டிங் பிளேடு’ ஆட்டத்தில் கேரலின் வளர்ச்சி விகிதத்தைப் பார்த்தேன், எல்லாமே 100 சதவீதமும் அதற்கு மேலும்! இவர்தான் முதலிடமா?
– மென்பொருள் ஊழியர், சென்னை

அவர் என்ன லெவலில் வருகிறார் என்று பார்த்தீர்களா? 19. உச்சம் 20. அந்த அமோக வளர்ச்சி எல்லாம் ஒரே ஒரு லெவல் ஏற்றத்துக்கு. ஏறும் அந்த ஒரு தடவை திரையில் எல்லாப் புள்ளியும் வரிசையாகக் கூடுவதைப் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான், அவ்வளவுதான் லாபம்.

ஆனாலும் நல்ல ஆள். வந்த அன்றே வாளை எடுத்துப் போய் வெட்டுவார், வளர்த்துவிட வேண்டிய வேலை இல்லை. பார்க்க வேண்டியது அதைத்தான், விகிதத்தை அல்ல.

அதே ஆட்டத்தில் சோஃபியா. லெவல் 1இல் பாலைவனத்தின் நடுவில் வந்து நிற்கிறாள், அடித்தால் படாது, பட்டால் வலிக்காது. இவளை எதற்கு வைத்தார்கள்?
– இல்லத்தரசி, ஈரோடு

பதினான்காவது அத்தியாயம். மற்றவர்களுக்கு மணலில் கால் புதைகிறது, பாதிப்பேர் ஆமை வேகத்தில் ஊர்கிறார்கள், மேலே பறக்கும் எதிரிகள் மட்டும் ஜாலியாக வருகிறார்கள். அந்த நேரம் பார்த்து இந்தப் பிள்ளையை ஒப்படைக்கிறது ஆட்டம். அவள் செத்தால் அடுத்த கூடுதல் அத்தியாயம் திறக்காது. ஆக உங்கள் படையில் ஒரு வீராங்கனை சேரவில்லை, பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய ஒரு பார்சல் சேர்ந்திருக்கிறது.

எதற்கு வைத்தார்கள் என்றால், கதைக்கு. ஆர்க்கேடியா என்ற மறைந்த ஊரின் பெண் அவள், அவள் இல்லாமல் அந்தப் பகுதிக் கதை நகராது. ஆட்டத்துக்கு என்று பார்த்தால் பாவம். அவளுக்கு இரண்டு அத்தியாயம் முன்பே, பன்னிரண்டிலேயே, ரெய் என்ற பையன் அவளுடைய அதே ஷாமன் (இருள் மந்திரம்) தொழிலில் லெவல் 12இல் வந்துவிடுகிறான். முன்னாலும் வருகிறான், பலமாகவும் வருகிறான். ஒரே வேலைக்கு இரண்டு பேர் என்றால் இவள் எந்தக் கணக்கிலும் ஜெயிக்கவில்லை. (இந்த ரெய், நம்ம நினோவின் பையன். அம்மா செய்யாததை மகன் செய்கிறான் போல.)

அவளை ஓரமாக, எதிரி எட்டாத கட்டத்தில், பக்கத்தில் ஒரு ஆளோடு நிறுத்துங்கள். அத்தியாயம் முடிந்ததும் நன்றி சொல்லி முகாமில் விட்டுவிடுங்கள்.

நோஞ்சானே வேண்டாம் என்கிறீர்களா? ‘சேக்ரட் ஸ்டோன்ஸ்’ ராஸ் எனக்கு அருமையாக வந்தான். அமீலியாதான் தேறவில்லை.
– ஆட்டோ ஓட்டுநர், கோவை

நல்ல கேள்வி, நீங்களே பாதிப் பதிலையும் எழுதிவிட்டீர்கள். இருவரும் பயிற்சி ஆட்கள், லெவல் 10 ஆனதும் தானாக அடுத்த தொழிலுக்கு மாறுவார்கள். ராஸ் வருவது இரண்டாவது அத்தியாயத்தில். உயிர் 15, வேகம் 3, சிரிப்புத்தான் வரும். ஆனால் எதிரிலும் அதே மாதிரி சில்லறைக் கொள்ளைக்காரர்கள்தான். கூடவே ஒரு சின்னக் கோடரி கொண்டுவருகிறான், அதைக் கையிலும் வெட்டலாம், இரண்டு கட்டம் தள்ளி நின்று வீசவும் செய்யலாம். அப்பா கார்சியா முன்னால் நிற்க, பையன் பின்னால் இருந்து வீசினால் திருப்பி அடி விழாது. வளர இடமும் இருக்கிறது, காலமும் இருக்கிறது.

அமீலியா வரும்போது எதிரிகள் தேறிவிட்டார்கள். அவள் கையில் மெல்லிய ஈட்டி ஒன்று, பக்கத்தில் போய்த்தான் குத்த வேண்டும், குத்தினால் பதிலுக்கு வாங்க வேண்டும். இருவருமே நோஞ்சான்கள்தான், பெரிய வித்தியாசம் வந்த தேதி.

எத்தனை முறை வேண்டுமானாலும் போய்ச் சண்டை போடக்கூடிய வால்னி கோபுரத்தில் ஏறி ஏறி வளர்த்துவிடலாமே என்று அடுத்த கடிதம் வரும் என்று தெரியும். வளர்க்கலாம். அங்கே எல்லாரையும் கடவுளாக்கலாம், அதனால் அதை வைத்து யாரையும் ஒப்பிட முடியாது. செலவாவது உங்கள் ஞாயிற்றுக்கிழமை.

பிளேசிங் பிளேடில் அத்தோஸ் கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் வருகிறார். இவருக்கு என்ன மதிப்பெண் போடுவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பந்தி முடிந்து பாயசம் பரிமாறும்போது வந்து உட்கார்கிற பெரியவர் அவர். லெவல் 20, இனி ஏற ஒன்றும் இல்லை, அதனால் வளர்ச்சியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரே ஒரு வரைபடம், அதில் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. நிறையவே செய்கிறார், ஐயா. ஆரியோலா என்ற ஒளி மந்திரப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கடைசி எதிரியான டிராகனின் உயிரில் பெரிய பங்கைத் தின்றுவிடுவார். இருபத்தைந்து அத்தியாயம் உழைத்த ஆளோடு சேர்த்து ஒரே பட்டியலில் எண் போடச் சொன்னால் எனக்குக் கை வராது, தனியாக ஒரு கோடு கிழித்து அவரை அதற்குக் கீழே எழுதிவைப்பேன். ஒரு பிசிக் கோலையும் அவர் பையில் போட்டுவையுங்கள். வாசலில் அடிவாங்கி நிற்கிறவர்களுக்கு அடிக்கடி தேவைப்படும்.