மணல் காற்று அடங்கினாலும் மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம்

கேள்வி: என் கணவர் குவைத்தில் லொறி ஓட்டுகிறார். சின்ன வயதிலிருந்தே தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர். ஊரில் இருக்கும்போது இழுப்பு எப்போதாவதுதான் வரும். அங்கே மணல் காற்று அடித்தால், அது நின்ற பிறகும் இரண்டு மூன்று நாளைக்கு இரவில் நித்திரை இல்லை என்கிறார். நீல நிற பம்ப்பை அடித்துச் சமாளிக்கிறார். ஈரத்துணியால் மூக்கைக் கட்டினால் போதும் என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்களாம். அடுத்த மாதம் லீவில் வருகிறார். திரும்பிப் போகுமுன் என்ன செய்ய வேண்டும்? இங்கே கச்சான் காற்றுக் காலத்தில் என் எட்டு வயது மகளுக்கும் இருமல் வருகிறது. அதுவும் இதேதானா?
– கல்முனையிலிருந்து ஒரு வாசகி

பதில்: சகோதரி, "நின்ற பிறகும் இரண்டு மூன்று நாளைக்கு" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான தகவல் அதுதான். மணல் காற்று பற்றிப் பேசுகிற எல்லோரும் அது அடிக்கும் நேரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். தொய்வு உள்ளவரைப் படுக்க வைப்பது பெரும்பாலும் அதற்குப் பின்னால் வரும் நாட்கள்.

குவைத்தில் வீசும் மணல் காற்று அநேகமாக வடமேற்கிலிருந்து, ஈராக்கின் வறண்ட நிலங்களைத் தாண்டி வருகிறது. ஷமால் என்று அங்கே சொல்லும் அந்தக் காற்று ஜூன், ஜூலையில் பலமாக இருக்கும். அதற்கு முந்திய மாதங்களிலும் பெரிய புழுதிப் புயல்கள் வருவதுண்டு. 2022 மே மாதம் அடுத்தடுத்து வந்த புயல்களில் ஈராக்கில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு வைத்தியசாலைகளுக்கு ஓடினார்கள். குவைத் விமான நிலையத்திலும் அந்த மாதம் விமானங்களை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது.

அந்தக் காற்றில் வருவது ஒரே அளவான மணல் இல்லை. கண்ணை உறுத்துவதும் பல்லில் நறநறப்பதும் பெரிய மணிகள். அவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கித் தும்மலையும் கண்சிவப்பையும் தரும், காற்று தணிந்ததும் சீக்கிரம் கீழே விழுந்துவிடும். 10 மைக்ரோனுக்குக் குறைந்த தூசு, அதாவது ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்கும் சிறியது, மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். 2.5 மைக்ரோனுக்குக் குறைந்தது நுரையீரலின் காற்றுப்பைகள் வரைக்கும் போகும். நம் தலைமுடியின் தடிப்பே 50 முதல் 70 மைக்ரோன் இருக்கும் என்றால் இது எவ்வளவு சிறியது என்று பாருங்கள். இந்த நுண்தூசு லேசில் கீழே விழாது, நாட்கணக்கில் மிதக்கும். 10 மைக்ரோன் வரையான தூசு ஒரு நாள் சராசரியில் ஒரு கன மீற்றர் காற்றுக்கு 45 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல். பெரிய புயலில் அது ஆயிரங்களுக்குப் போகும். வானம் வெளுத்த மறுநாள் காலை, "சரி, முடிந்தது" என்று மாஸ்க்கைக் கழற்றிவிட்டு உங்கள் கணவர் லொறியில் ஏறும்போது, வீதியில் படிந்ததை எல்லா வாகனங்களும் திரும்பக் கிளப்பிக்கொண்டிருக்கும். அவரது மூச்சுக்குழாயோ முதல் நாளே வீங்கியிருக்கும்.

அதனால்தான் நீல பம்ப்பை மட்டும் நம்பியிருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. அது சல்பியூட்டமோல். இறுகிய குழாயைச் சில மணி நேரம் தளர்த்திவிடும், வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தை ஆற்றுவது ஸ்டீரொயிட் உள்ள தடுப்பு இன்ஹேலர். கிளினிக்கில் பெரும்பாலும் மண்ணிறத்தில் தருவார்கள். அதைத் தினமும், நன்றாக இருக்கிற நாட்களிலும் எடுக்க வேண்டும். புயல் வந்த பிறகு தொடங்கினால் பிந்திவிடும், அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும். "பம்ப் பழகிப்போகும், நெஞ்சைப் பழுதாக்கும்" என்ற பேச்சை நம் பக்கத்தில் நான் கேட்காத நாள் இல்லை. அந்தப் பேச்சை நம்பி மண்ணிற இன்ஹேலரை நிறுத்தியவர்கள்தான் நடு இரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள். எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் போதும், வாய்ப்புண் வராது.

ஈரத்துணி பற்றி: பெரிய மணலை அது பிடிக்கும், நுண்தூசை விட்டுவிடும். துணி நன்றாக நனைந்திருந்தால் மூச்சு எடுப்பதே கஷ்டமாகும், தொய்வுக்காரருக்கு அது இன்னும் கஷ்டம். என்95 அல்லது அதற்குச் சமமான மாஸ்க்தான் வேண்டும். அதிலும் மூக்குக் கம்பியை அழுத்தி, கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தால் காற்று உள்ளே வரும். வேறு ஒன்றும் கிடைக்காத நேரத்தில் துணி இல்லாமல் இருப்பதைவிடத் துணி நல்லது, அவ்வளவுதான்.

அவர் சாரதி என்பதால் இன்னும் சில விஷயங்கள். லொறியின் கண்ணாடிகளை முழுக்க மூடி, ஏசியை வெளிக்காற்றை எடுக்காமல் உள்காற்றையே சுற்றவிடும் நிலையில் போட வேண்டும். வீதி தெரியாத அளவுக்குப் புழுதி வந்தால் வீதியை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்தி, லைட்டுகளை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பின்னால் வருபவர் சிவப்பு லைட்டைப் பார்த்து அதுதான் பாதை என்று நினைத்து நேரே வந்து மோதுவதுண்டு. இன்ஹேலரை டாஷ்போர்டில் விட்டுப் போகவே கூடாது. அழுத்தம் நிரம்பிய அந்தக் குப்பி 50 பாகைக்கு மேலான சூட்டைத் தாங்காது, குவைத்தில் கோடை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் சூடு அதைச் சுலபமாகத் தாண்டும். சட்டைப் பையில் உடம்போடு இருக்கட்டும்.

அறைக்கு வந்ததும் உடுப்பை வெளியே தட்டிக் கழற்றி, குளித்துவிட்டுப் படுக்க வேண்டும். தலைமுடியில் ஒட்டிய தூசு தலையணைக்குப் போய் இரவு முழுக்க மூக்குக்குள் போகும். அறையைக் கூட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஏசி பில்டரைக் கழுவ வேண்டும். யன்னலை மூடிவிட்டு உள்ளே சிகரெட், நுளம்புச் சுருள், சாம்பிராணி என்று புகைத்தால் மூடியதில் பயனே இல்லை. கண் உறுத்தினால் கசக்காமல் சுத்தமான நீரால் கழுவச் சொல்லுங்கள்.

உங்கள் மகளின் விஷயம் வேறு. கச்சான் காற்று மலைநாட்டில் ஈரத்தை இழந்து, வறண்டு சூடாகி நம் பக்கம் இறங்கும் தென்மேற்குக் காற்று. பாலைவனப் புயல் இல்லை. ஆனால் அந்த மாதங்களில்தான் கிறவல் வீதிகள் பறக்கும், வற்றிய குளக்கட்டுகளிலிருந்து மண் கிளம்பும், சிறுபோக அறுவடைத் தூசும் மில் உமியும் சேரும், வைக்கோலும் குப்பையும் எரியும். குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்செடுப்பதால் உடல் எடைக்கு அதிகமான தூசு உள்ளே போகும். இருமல் இரவிலோ ஓடி விளையாடும்போதோ கூடினால், நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால், தகப்பனுக்குத் தொய்வு இருக்கிற பிள்ளை என்பதைச் சொல்லிக் கிளினிக்கில் காட்டுங்கள். இருமல் பாணியாக வாங்கிக் கொடுத்துக் காலத்தைக் கடத்த வேண்டாம். தூசு புயலாக வந்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. 2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்றின் தரம் கெட்டு நாடு முழுக்கப் பாடசாலைகளை மூடியது ஞாபகம் இருக்கும், அன்று நாம் பார்த்தது வெறும் மங்கல் மட்டும்தான்.

யாராக இருந்தாலும், ஒரு வசனத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்க முடியவில்லை, விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, அல்லது நீல பம்ப் நான்கு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம். நிமிர்ந்து உட்கார வைத்து, அரை நிமிடத்துக்கும் ஒரு நிமிடத்துக்கும் இடையில் ஒரு தடவையாக நீல பம்ப்பைப் பத்து தடவை வரை கொடுத்தபடி அம்புலன்ஸை அழையுங்கள். இங்கே 1990, குவைத்தில் 112. நெஞ்சு இறுகுவதோடு கையோ தாடையோ வலித்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். நுண்தூசு இதயத்தையும் தாக்கும், அவரோடு வேலை செய்யும் வயதானவர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கட்டும்.

லீவில் வந்த முதல் வாரமே கிளினிக்குக் கூட்டிப் போங்கள், கடைசி வாரம் வரை தள்ள வேண்டாம். தடுப்பு மருந்தின் அளவைச் சரிபார்க்கச் சில வாரம் தேவை. இன்ஹேலரை வைத்தியர் முன்னால் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பலர் வருடக்கணக்காகப் பிழையாக அடித்து மருந்தைத் தொண்டையிலேயே விடுகிறார்கள், ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் பிளாஸ்டிக் குழாய்) ஒன்று வாங்கினால் அந்தக் குறை பெரிதும் தீரும். புயல் காலத்தில் எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது என்பதை வைத்தியரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மருந்தின் பெயரோடு ஆங்கிலத்தில் ஒரு கடிதமும், பெட்டி கிழியாத இன்ஹேலர்களும், ஒரு பெட்டி என்95 மாஸ்க்கும் கைப்பையில் இருக்கட்டும், லக்கேஜில் போட வேண்டாம்.