தனியாகப் போகலாமா, சிங்குவே தெர்ரே?

கேள்வி: மகள் மிலானில் இருக்கிறாள். போன தடவை போயிருந்தபோது எல்லோருமாக இத்தாலியின் சிங்குவே தெர்ரேக்கு ஒருநாள் போய் வந்தோம். ஐந்து கடற்கரைக் கிராமங்களிலும் ரயிலில் இறங்குவது, போட்டோ எடுப்பது, மறுபடி ரயில் ஏறுவது என்றே பொழுது போய்விட்டது. ஒரு கிராமத்திலிருந்து இன்னொன்றுக்கு மலையோரமாக ஆட்கள் நடந்து போவதைப் பார்த்ததிலிருந்து, அந்தப் பாதையில் நடக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. இந்த முறை நான் மட்டும் போகலாம் என்றிருக்கிறேன். வயது 56, முட்டி லேசாக வலிக்கும். “தனியாவா, வேண்டாம்மா” என்கிறாள் மகள். போகலாமா சார்? நான் சுத்த சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
— ஒரு வாசகி, கோவை

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. தனியாக நடக்க இதைவிடத் தோதான இடம் குறைவு. கிராமத்துக்கும் கிராமத்துக்கும் நடுவில் அதிகம் போனால் மூன்று நான்கு கிலோமீட்டர்தான், சீசனில் பாதையில் ஆள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும், முடியவில்லை என்றால் அடுத்த ஊரில் ரயில் ஏறிவிடலாம். மகளிடம் இதைச் சொல்லுங்கள், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு நடக்கிறீர்கள் என்பதையும் கிளம்பும்போது சொல்லிவிடுங்கள். அவசர உதவிக்கு 112.

ஆனால் ஐந்து ஊரையும் ஒரே நாளில் நடந்து முடிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கடலோரப் பாதை மொத்தமே சுமார் 12 கிலோமீட்டர்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சமதரைக் கணக்கு இல்லை, ஏற்றமும் இறக்கமும் கல்படியுமாகவே போகும். அதோடு முழுப் பாதையும் திறந்திருப்பதும் இல்லை. ஐந்து ஊர்களில் முதல் இரண்டான ரியோமஜோரேக்கும் மனரோலாவுக்கும் நடுவிலுள்ள காதலர் பாதை 2012-ல் பாறை சரிந்து மூடப்பட்டு, 2024-ல்தான் முழுதாகத் திறந்தது, அதற்கு நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். மனரோலாவிலிருந்து அடுத்த ஊரான கோர்னீலியாவுக்குப் போகும் கீழ்ப்பாதை பல வருஷமாக மூடிக் கிடக்கிறது.

அது மூடியிருப்பதற்காக வருத்தப்படாதீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வந்ததே அதற்கு மாற்றாக இருக்கும் மேல்பாதையைத்தான். மனரோலாவிலிருந்து வோலாஸ்த்ரா என்ற சின்ன ஊருக்கு பஸ் இருக்கிறது. அதில் ஏறிப் போய்விட்டால், முட்டியைப் பதம் பார்க்கும் ஆயிரத்துச் சொச்சம் படிகள் மிச்சம். அங்கிருந்து கோர்னீலியா வரை திராட்சைத் தோட்டங்களுக்குள்ளேயே நடை, வலதுபக்கம் மலை, இடதுபக்கம் வெகு கீழே கடல். கடைசியில் மரங்களுக்கு நடுவே நல்ல இறக்கம் உண்டு, ஊன்றுகோல் ஒன்று கையில் இருக்கட்டும்.

அந்த நடையில் கடலை மட்டும் பார்த்துக்கொண்டு போய்விடாதீர்கள், பக்கத்துச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். சாந்து எதுவும் இல்லாமல் கல்மேல் கல்லைப் பொருத்திக் கட்டியது. மழைத்தண்ணீர் அந்த இடுக்குகள் வழியாக வடிந்துவிடுவதால்தான் சுவர் நிற்கிறது, சுவர் நிற்பதால்தான் மண் நிற்கிறது. செங்குத்தான மலையைப் படிப்படியாக வெட்டி, நூற்றுக்கணக்கான வருஷம் தலைமுறை தலைமுறையாகக் கல் சுமந்து கட்டியிருக்கிறார்கள். திராட்சைக்கொடியைத் தாழ்வாகப் பந்தல் போட்டிருப்பார்கள், குனிந்தும் குந்தியும்தான் பழம் பறிக்க முடியும். பறித்ததை ஏற்றிப்போக, சரிவில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு அதில் ஒரு சின்ன வண்டி ஓட்டுகிறார்கள். 1997-ல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்ததற்கு இந்த உழைப்பும் ஒரு முக்கியக் காரணம். விவசாயத்தை விட்டுவிட்டு ஆட்கள் வெளியேற, கவனிப்பாரில்லாத சுவர்கள் இடிந்து, அங்கே மண்ணும் சரிகிறது. 2011 அக்டோபர் 25-ல் பெய்த பேய்மழையில் மற்ற இரண்டு ஊர்களான வெர்னாட்சாவும் மொந்தெரோஸ்ஸோவும் சேற்றில் மூழ்கி உயிர்களே போயின. வானிலை எச்சரிக்கை வந்தால் பாதையை மூடுவது இதனால்தான், “கொஞ்ச தூரம்தானே” என்று தடுப்பைத் தாண்டிப் போகாதீர்கள்.

கோர்னீலியாவிலிருந்து வெர்னாட்சா வரை இன்னொரு நாள் நடக்கலாம். இந்தப் பகுதி ஒரு தேசியப் பூங்கா, இந்தப் பாதையில் நடக்க அதன் அட்டை வாங்க வேண்டும். வாங்கச் சங்கடப்படாதீர்கள், அந்தப் பணம் பாதைப் பராமரிப்புக்கும் போகிறது. கோர்னீலியா ஒன்றுதான் கடலோரமாக இல்லாமல் உயரத்தில் இருக்கும் ஊர், ஸ்டேஷனிலிருந்து மேலே வர 382 படி. வெர்னாட்சாவிலிருந்து மொந்தெரோஸ்ஸோ போகும் துண்டு மட்டும் உங்கள் முட்டிக்கு வேண்டாம், ரயிலிலேயே போங்கள்.

போன தடவை மாதிரி மிலானிலிருந்து போய் அன்றே திரும்பாமல், ஏதாவது ஒரு கிராமத்தில் இரண்டு ராத்திரி தங்குங்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பினால் பகல்கூட்டம் ரயிலில் வந்து இறங்குவதற்குள் பாதி நடை முடிந்திருக்கும். ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர் நல்லது. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் வேண்டவே வேண்டாம். நல்ல பிடிப்புள்ள ஷூ போடுங்கள், செருப்போடு மலைப்பாதையில் ஏறினால் அபராதம் போடுகிறார்கள்.

சரி, சாப்பாடு. கடலோரமாயிற்றே, எல்லாம் மீன்தான் என்று பயப்பட வேண்டாம். ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சுட்ட ஃபொகாச்சா ரொட்டி எங்கும் கிடைக்கும், மேலே நெத்திலி வைக்காததாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஃபாரினாத்தா என்று ஒன்று, கொண்டைக்கடலை மாவைக் கரைத்து, மெல்லிய அடை மாதிரி அடுப்பில் வேகவைத்தது. சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் ருசி போய்விடும். துளசி வகை இலையை அரைத்த பெஸ்தோ சாஸ் கலந்த பாஸ்தாவும் உண்டு, ஆனால் அந்த சாஸில் பாலாடைக்கட்டி சேரும், சில சீஸ்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் இருப்பதால் உங்கள் சைவத்துக்கு அது ஒத்துவருமா என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.