பொய்ப் புத்தகங்களின் பட்டியல்

அன்புள்ள ஐயா,

நூலக மென்பொருள் ஒன்றை எழுதும் சிறு குழுவில் நிரல் எழுதுகிறேன். தேடல், இரவல், பதிவுகளின் ஏற்றுமதி ஆகியவற்றைச் சோதிக்க ஒரு லட்சம் நூற்பதிவுகள் வேண்டும். சொற்களைக் குலுக்கிப் போட்டுத் தலைப்புகளையும் பெயர்களையும் உருவாக்கும் நிரல் ஒன்றை ஒரே நாளில் எழுதிவிட்டேன். எல்லாச் சோதனைகளும் தேறிவிட்டன. ஆனால் குழுவில் மூத்தவர், இயங்கிக்கொண்டிருக்கும் நூலகம் ஒன்றின் தரவை அப்படியே நகலெடுத்துச் சோதிப்பதே சரி, பொய்த் தரவால் பயனில்லை என்கிறார். எது சரி? தமிழ் நூல்களுக்கென்று தனியாகச் சோதிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

எல்லாச் சோதனைகளும் தேறிவிட்டன என்ற வரியைப் படித்ததும்தான் எனக்குக் கவலை வந்தது. மென்பொருளை எழுதிய அதே கைதான் தரவையும் உருவாக்கியிருக்கிறது. தலைப்பு இத்தனை நீளம் இருக்கும், ஆசிரியர் ஒருவர் இருப்பார், ஆண்டு நான்கு இலக்கம் என்று நிரல் எழுதும்போது நீங்கள் மனத்தில் கொண்ட அனுமானங்கள் அத்தனையும் தரவிலும் குடியேறியிருக்கும். வினாத்தாளைத் தயாரித்தவரே விடையும் எழுதினால் தேறாமல் என்ன செய்வார்? பொய்த் தரவு வேண்டும் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் அது உண்மைப் பட்டியலின் அழுக்கையும் சேர்த்துச் சுமக்கும் பொய்யாக இருக்க வேண்டும்.

என் கதையையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் மார்க் பதிவுகளை, அதாவது நூலகங்கள் நூல் விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் கணினிப் பதிவுகளை, ஏற்றுமதி செய்யும் நிரல் ஒன்றை எழுதினேன். மார்க் வடிவம் 1960களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்றியேட் அவ்ராம் தலைமையில் உருவானது. காந்த நாடாக்களின் காலத்துப் பழக்கம் இன்னும் அதன் உடம்பில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு பதிவும் 24 இடங்கள் கொண்ட தலைப்பகுதியோடு தொடங்கும். அதன் முதல் ஐந்து இடங்களில் பதிவின் மொத்த நீளம் எழுதப்பட்டிருக்கும். அடுத்து வரும் அடைவில், அதாவது உள்ளடக்க அட்டவணையில், தலைப்பு, ஆசிரியர் போன்ற ஒவ்வொரு புலத்துக்கும் 12 இடங்கள்: புலத்தின் எண்ணுக்கு மூன்று, நீளத்துக்கு நான்கு, அது தொடங்கும் இடத்துக்கு ஐந்து. அந்த நீளத்தைப் பைட் என்னும் சேமிப்பு அலகுகளில் எண்ண வேண்டும்; நானோ எழுத்துக்களின் எண்ணிக்கையாகக் கணக்கிட்டிருந்தேன். சோதனைக்கு வைத்திருந்ததோ லத்தீன் எழுத்தில் அமைந்த பொருளற்ற நிரப்புச் சொற்கள். எழுத்துக்களைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அவற்றில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்தான் என்பதால் எழுத்துக் கணக்கும் பைட் கணக்கும் எப்போதும் ஒன்றாகவே இருந்தன. ஐம்பதாயிரம் பொய்ப் பதிவுகள் ஒரு பிசகும் இல்லாமல் போய்வந்தன.

முதல் தமிழ் நூல் வந்ததும் கோப்பு சிதறிப்போனது. ‘தமிழ்’ என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். பைட் கணக்கில் 15. என் நிரல் குறியீடுகளை எண்ணி ஐந்து என்று எழுதியிருந்த இடத்தில் இருக்க வேண்டியது பதினைந்து. ஆகவே பதிவைப் படித்த எதிர்த்தரப்பு மென்பொருள் அடுத்த புலத்தைச் சொல்லின் நடுவிலிருந்து தொடங்கி, அதற்கடுத்த பதிவை முந்தைய பதிவின் வயிற்றுக்குள்ளிருந்து தொடங்கி, அதற்கப்பால் வந்த எதையுமே படிக்க முடியாமல் நின்றுவிட்டது. ஒரு லட்சம் தேவைப்படவில்லை. ஒரே ஒரு தமிழ்த் தலைப்பு சோதனைத் தரவில் இருந்திருந்தால் பிழை அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

ஆகவே தமிழுக்கெனத் தனிச் சோதனை கட்டாயம் உண்டு. ‘கொடி’ என்ற சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும், ஆனால் இயல்பாக்கம் செய்யாத, அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாத, மென்பொருளில் ஒரு வடிவத்தைத் தேடினால் மற்ற வடிவம் கிடைக்காது. இதைவிடக் கள்ளத்தனமானது ‘கௌரவம்’: தட்டச்சு செய்பவர் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் இட்டு ‘கெளரவம்’ என்று எழுதிவிடுவார், இது இயல்பாக்கத்துக்கும் அகப்படாது. உங்கள் உருவாக்கி இந்த இரு வகைகளையும் தெரிந்தே கலந்து தர வேண்டும். அகரவரிசைக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தும் மென்பொருள் ‘மனம்’ என்பதை ‘மரம்’ என்பதற்கு முன்னால் நிறுத்தும். தமிழ் அகராதியைப் புரட்டிப் பழகியவர் அதைத் தேடிப் பின்னால் போவார்.

பெயர்களில் நிலைமை இன்னும் மோசம். உங்கள் நிரல் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பட்டியல்களிலிருந்து எடுத்து ஒட்டுகிறது என்று ஊகிக்கிறேன். உண்மைப் பட்டியலில் ஒரே மனிதர் ‘க. முருகன்’, ‘க.முருகன்’, ‘முருகன் க’, ‘முருகன், க.’ என்று நான்கு பேராக வாழ்வார். ‘இராமன்’ ஒரு பதிவிலும் ‘ராமன்’ மறு பதிவிலும் இருப்பார். பட்டியலாளர்கள் மாறியிருப்பார்கள், விதிகள் மாறியிருக்கும், யாரும் பழையதைத் திருத்தியிருக்க மாட்டார்கள்.

குலுக்கல் முறையில் இன்னொரு கோளாறும் உண்டு: அது எல்லோரையும் சமமாக நடத்துகிறது. ஆயிரம் ஆசிரியர் பெயர்களிலிருந்து ஒரு லட்சம் பதிவுகளை உருவாக்கினால் ஒவ்வொருவர் தலையிலும் ஏறத்தாழ நூறு நூல்கள் விழும். உண்மையில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு நூல்களோடு நின்றுவிடுவார்கள்; ஒரு சிலருக்கு மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கும். அந்தச் சிலரின் பெயரைச் சொடுக்கும்போதுதான் பக்கம் திணறும். இரவலும் அப்படியே: சில படிகள் ஓயாமல் கைமாறும், மீதி அலமாரியை விட்டு இறங்குவதேயில்லை.

நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதின்மூன்று இலக்கங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டினால் பத்தில் ஒன்றுதான் சரிபார்ப்பு இலக்கமான கடைசி இலக்கத்தில் தேறும். கணக்கு எளிது: முதல் பன்னிரண்டு இலக்கங்களை மாறி மாறி ஒன்றாலும் மூன்றாலும் பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகை பத்தின் மடங்காவதற்கு எவ்வளவு குறைகிறதோ அதைக் கடைசியில் வைக்க வேண்டும். 978 என்று தொடங்கி ஒன்பது சுழியங்களை வைத்தால் கூட்டுத்தொகை 38, ஆகவே கடைசி இலக்கம் 2. ஆனால் எல்லாப் பதிவுகளுக்கும் சரியான ஐஎஸ்பிஎன் கொடுத்துவிடாதீர்கள். பழைய நூல்களுக்கு அது இருக்காது. 2007க்கு முந்தையவற்றில் பெரும்பாலும் பத்து இலக்கமே இருக்கும், அதன் கடைசி இடத்தில் எக்ஸ் என்ற எழுத்தும் வரும். பதிப்பாளர் ஒரே எண்ணை இரண்டு நூல்களுக்கு அச்சிட்டிருப்பார். ஐஎஸ்பிஎன்னைத் தனித்துவமான திறவுகோலாகக் கொண்டு டேட்டாபேஸ் அமைத்திருந்தால் இந்தக் கடைசி வகை ஒன்றே போதும், உங்கள் சோதனை விழுந்துவிடும். விழட்டும், அதற்குத்தானே சோதனை.

மூத்தவரின் யோசனைக்கு வருகிறேன். உண்மையான நூற்பதிவுகளைப் பயன்படுத்துவதில் எனக்குத் தடையில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே 2017இல் இரண்டரைக் கோடி மார்க் பதிவுகளை இலவசமாகப் பதிவிறக்கத் திறந்துவிட்டது. அவற்றிலிருந்து சில நூறு விசித்திரமான பதிவுகளைப் பொறுக்கி உங்கள் பொய்ப் பதிவுகளோடு கலந்துகொள்ளுங்கள். ஆனால் உறுப்பினர்களின் தரவை மட்டும் தொடாதீர்கள். பெயரை மறைத்துவிட்டோம் என்ற சமாதானம் செல்லாது. ஒருவர் எந்த நோயைப் பற்றி, எந்தச் சட்டத்தைப் பற்றி, எந்த வாரத்தில் படித்தார் என்ற பட்டியலே அவர் யார் என்பதைத் தெரிந்தவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும். உறுப்பினர்கள் முழுக்கப் பொய்யாகவே இருக்கட்டும்.

அந்தப் பொய்யர்களுக்கு மின்னஞ்சல் முகவரி கொடுக்கும்போதும் கவனம் தேவை. தோன்றிய பெயரோடு நடப்பிலுள்ள ஒரு சேவையின் பெயரை ஒட்டினால் அது யாரோ ஒருவருடைய முகவரியாக இருந்துவிடலாம். நள்ளிரவில் தாமத நினைவூட்டல்களை அனுப்பும் நிரல், எடுக்காத புத்தகத்துக்கு அவரிடம் அபராதம் கேட்கும். எக்ஸாம்பிள்.காம் என்ற பெயரும், டெஸ்ட், இன்வேலிட் என்று முடியும் பெயர்களும் இதற்கென்றே 1999இல் ஒதுக்கப்பட்டவை. அட்டைப்படத்தை வெளியிலிருந்து இழுக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவையுங்கள். சரியாகக் கணக்கிட்ட பொய் ஐஎஸ்பிஎன் உண்மையான வேறொரு நூலுடையதாக இருக்கக்கூடும். நான் புனைந்த தோட்டக்கலை நூலொன்றின் பக்கத்தில் ஒருமுறை யாரோ எழுதிய துப்பறியும் நாவலின் அட்டை வந்து உட்கார்ந்தது. குழு முழுக்க ஒரு வாரம் சிரித்தது.

குலுக்கலைத் தொடங்கிவைக்கும் விதை எண் ஒன்றை நிலையாகக் கொடுத்துவிடுங்கள். நேற்று விழுந்த பதிவு இன்றும் அதே இடத்தில் விழுந்தால்தான் பிழையைத் துரத்த முடியும். ஒரு லட்சம் என்ற எண்ணிக்கை வேகத்தைச் சோதிக்கும் நாளுக்கு இருக்கட்டும். அன்றாடச் சோதனைக்கு, மேலே சொன்ன கோளாறுகள் ஒவ்வொன்றும் ஒருமுறையேனும் இடம்பெற்ற இருநூறு பதிவுகள் போதும்.

அன்புடன்.