இருவருக்கும் பொதுவான ஓர் ஆள்

திருமணமாகி ஒன்பது ஆண்டுகள். எதைப் பேசத் தொடங்கினாலும் சண்டையில்தான் முடிகிறது. ஓர் ஆலோசகரிடம் தனியாக நான்கு முறை போனேன். ஐந்தாம் முறை கணவரையும் அழைத்துப் போனேன். 'அவங்க உன் பக்கத்து ஆளு' என்று சொல்லி, அதன்பிறகு வர மறுத்துவிட்டார். வேறொருவர் என்றால் வருவாராம். அருகிலேயே நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான்கு அமர்வுகள் உங்கள் தரப்பை மட்டுமே கேட்டவர் ஐந்தாவதில் நடுநிலையோடு இருந்தாலும், புதிதாக வருபவருக்கு அப்படித் தோன்றாது. அவர் உங்களுக்கு மட்டும் ஆலோசகராக இருக்கட்டும்.

பெயர்ப்பலகையில் 'குடும்ப நல ஆலோசகர்' என்று இருப்பது போதாது. தனிநபர் சிகிச்சையில் தேர்ந்தவர்கள்கூட, இருவர் ஒரே நேரத்தில் குரலை உயர்த்தினால் திணறுவதுண்டு. போனில் பத்து நிமிடம் கேளுங்கள்: தம்பதியர் சிகிச்சைக்கென்று பயிற்சி எடுத்திருக்கிறாரா, எந்த முறையில்? உளவியலாளர்கள் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் 1980களில் உருவாக்கிய உணர்வு மையச் சிகிச்சை, ஜான், ஜூலி காட்மன் தம்பதி வகுத்த காட்மன் முறை என்று எதையாவது சொன்னால், தொடக்க அமர்வுகள் எப்படி நடக்கும் என்றும் கேளுங்கள். காட்மன் முறையில் முதலில் இருவரும் சேர்ந்து, பிறகு ஆளுக்கொரு தனி அமர்வு, அதன்பின் சேர்ந்து உட்கார்ந்து இலக்கு வகுப்பார்கள். 'வாங்க, பேசிப் பார்ப்போம்' என்பது பதிலே அல்ல.

பலர் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. தனி அமர்வில் சொல்லும் ரகசியத்தை என்ன செய்வார்? துணையிடம் மறைக்க மாட்டேன் என்பவரும் உண்டு, வெளியே விடமாட்டேன் என்பவரும் உண்டு. எதுவானாலும் முதல் நாளே இருவருக்கும் தெரிய வேண்டும். பாதியில் தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும்.

இரண்டு மூன்று பெயர்களை நீங்கள் எடுங்கள். யார் என்பதைக் கணவர் முடிவு செய்யட்டும், முதல் போனையும் அவரே போடட்டும். வாரம் ஒருமுறை, 50 முதல் 90 நிமிடம் வரை ஆகும். இருவருக்கும் ஒத்துவரும் நேரம் கொடுக்க முடியாதவர் எவ்வளவு பெயர் பெற்றவரானாலும் வேண்டாம்.

அடியோ மிரட்டலோ இருந்தால் சேர்ந்து போகாதீர்கள். அறைக்குள் நீங்கள் சொன்னதற்கு வீட்டில் பதில் வரும். முதலில் தனியாகப் போய்ப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுங்கள். ஒருவர் மட்டும் பிரிய நினைத்தால், அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். குடும்பச் சிகிச்சையாளர் வில்லியம் டோஹெர்ட்டி வகுத்த, பிரிவதா சேர்ந்து முயல்வதா என்று முடிவெடுக்க மட்டும் உதவும் ஆலோசனை அதற்கென்றே உண்டு. அதிகபட்சம் ஐந்து அமர்வுகள்தான்.

ஆறாவது அமர்விலும் வீட்டுச் சண்டை அப்படியே அங்கேயும் நடந்தால், ஆலோசகரிடமே சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போங்கள்.