மிக்சரில் கொழுவியதும் மெட்டு எங்கே போனது?

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, பழைய லப்டொப்பில், சுரங்களை வரி வரியாக எழுதிப் பாட்டுச் செய்யும் ஃபெர்னஸ் ட்ராக்கர் என்ற மென்பொருளைப் போட்டு, கேம்போய் என்ற பழைய கைவிளையாட்டுக் கருவியின் சத்தத்தில் ஒரு பாட்டுச் செய்தேன். ஹெட்போனில் நல்லாயிருந்தது. எங்கள் விளையாட்டுக் கழக விழாவில், சின்னப் பின்னைப் பெரிதாக்கும் அடப்டரைப் போட்டு மிக்சரில் கொழுவினேன். மெட்டு முழுக்கக் காணாமற்போய், ஓரத்துச் சத்தங்கள் மட்டும் கேட்டன. கூடவே ஒரே இரைச்சல். மாமா கனடாவிலிருந்து வருகிறார், கேம்போய் வாங்கிவரச் சொல்லவா? வீட்டில் பழைய ரீவி கேமும் இருக்கிறது. அடுத்த மாதம் கோயில் திருவிழா இரவு நிகழ்ச்சியில் உடுக்கு வாசிக்கும் நண்பனோடு சேர்ந்து செய்ய ஆசை."

தம்பி, உங்கள் பாட்டில் பிழை இல்லை. வயரில்தான் பிழை. கேம்போய் வாங்குவதைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் இதைத் தீர்க்க வேண்டும். ஏனென்றால் கேம்போயைக் கொழுவினாலும் இதேதான் நடக்கும்.

அந்தப் பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கும். முனையில் இடப்பக்க ஒலி, நடுவில் வலப்பக்க ஒலி, அடியில் எர்த். மிக்சரின் பெரிய துளை இதை ஸ்டீரியோவாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே ஒலி நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக இன்னொரு கம்பியிலும் வருகிறது என்று நினைத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். நீண்ட வயர்களில் வழியில் புகும் இரைச்சலை அழிப்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் உங்கள் மெட்டு இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வருகிறது. கழித்தால் மிச்சம் பூச்சியம்.

கேம்போயின் ஒலிச் சிப்பில் ஒரு சனலை, அதாவது ஒரு தனி ஒலித் தடத்தை, இடம், வலம், இரண்டும் என்று மூன்று விதமாக மட்டுமே வைக்கலாம். கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்ற பேச்சே கிடையாது. அதனால்தான் நடுவில் வைத்த மெட்டு அப்படியே அழிந்து, ஒரு பக்கம் தள்ளிவைத்த ஓசைகள் மட்டும் தப்பின. நானும் ஒருமுறை மேடையில் இதே குழியில் விழுந்து, பாட்டு முடியும்வரை லப்டொப்பையே சந்தேகித்துக்கொண்டு நின்றேன்.

தீர்வு: ஒரு முனையில் சின்ன ஸ்டீரியோ பின்னும், மறுமுனையில் இரண்டு பெரிய மோனோ பின்னும் உள்ள வயர். மோனோ பின்னில் ஒரு கறுப்பு வளையம்தான் இருக்கும். இரண்டையும் மிக்சரின் இரண்டு சனல்களில் தனித்தனியாகக் கொழுவுங்கள். கோயில் வெளிகளில் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் மோனோவாகவே ஓடும், ஆகவே எல்லாவற்றையும் நடுவில் வைத்தே பாட்டைச் செய்யுங்கள்.

இரைச்சல் பெரும்பாலும் சார்ஜரின் வேலை. மேடையில் அதைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓடுங்கள். லப்டொப் பற்றரி செத்துப்போயிருந்தால், சவுண்ட் செட்காரரிடம் டிஐ பொக்ஸ், அதாவது லப்டொப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் கொழுவி இரைச்சலைக் குறைக்கும் பெட்டி, இருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளே டிரான்ஸ்போமர் உள்ள வகை நல்லது. சத்த அளவையும் குறைவாகத் தொடங்குங்கள். கேம்போய் சத்தத்தின் சதுர அலை உச்சத்திலேயே நிற்கும் அலை. மீட்டரில் பாட்டுக்காரரின் குரலும் அதுவும் ஒரே உச்சத்தைக் காட்டினாலும், ஸ்பீக்கருக்குள் போகும் சக்தி அதில் மிக அதிகம்.

திருவிழாவுக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டினால் இன்னொரு சிக்கல் வரும். குழாயில் அடிச்சுரங்கள் கேட்காது. ஹெட்போனில் அழகாக உறுமிய பேஸ், பனைமரத்தில் கட்டிய குழாயில் இல்லாமலே போய்விடும். பேஸை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றுங்கள். அலையின் வடிவத்தை நாமே வரையக்கூடிய வேவ் சனலில், மென்மையான அலைக்குப் பதிலாக மூலைகள் கூரான அலையை வரையுங்கள். மேற்சுரங்கள் நிறைய இருந்தால், கேட்காத அடிச்சுரத்தைக் காது தானே நிரப்பிக்கொள்ளும்.

சரி, உடுக்கு. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். உடுக்கின் கயிற்றை இறுக்கும்போது சுருதி ஏறும், விட்டால் இறங்கும். அந்த வளைவு இந்தச் சிப்புக்கு நன்றாக வரும். சதுர அலை தரும் பல்ஸ் சனல்களில் இரண்டாவதை எடுத்து, சத்தம் சட்டென்று இறங்கும் ஓர் இன்ஸ்ட்ருமெண்ட் செய்யுங்கள். தாழ்ந்த சுரம் ஒன்றை வைத்து, சுருதியை ஏற்றும் 01, இறக்கும் 02 என்ற இரண்டு எஃபெக்டையும் (வரியில் எழுதும் கட்டளைகள்) மாற்றி மாற்றிப் போடுங்கள். அடி விழும் இடத்தில், இரைச்சல் ஓசை தரும் நொய்ஸ் சனலில் மிகக் குறுகிய ஒரு தட்டு. வேவ் சனலில் இதை முயல வேண்டாம், அதன் சத்தத்துக்கு மௌனத்தையும் சேர்த்து நான்கே படிகள் உள்ளதால் அடி தேய்ந்து மறைவது படிக்கட்டாகக் கேட்கும்.

நண்பன் வாசிக்கத் தொடங்கியதும் அந்த இரண்டு சனலையும் மியூட் செய்துவிடுங்கள். அவர் ஓயும்போது திறந்துவிடுங்கள். மேடையில் வாசிப்பு என்பது இதில் அதுதான், பாட்டைப் போட்டுவிட்டுக் கைகட்டி நிற்பதல்ல.

தாளத்தையும் மாற்றுங்கள். ட்ராக்கர் முதலில் 1987இல், அமிகா கணினிக்காகக் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி எழுதியது. ஒரு பற்றர்னுக்கு, அதாவது பாட்டின் ஒரு துண்டுக்கு, 64 வரி என்று அங்கிருந்து வந்த வழக்கம் நான்கு நான்காக எண்ணும் இசைக்குப் பொருந்தும். மிஸ்ர சாபு போன்ற ஏழு எண்ணிக்கைக்கு, ஓர் எண்ணுக்கு 4 வரி என்றால் ஒரு சுற்று 28 வரி. பற்றர்ன் நீளத்தை 56 ஆக்கினால் இரண்டு சுற்று சரியாக அடங்கும். முதல் 12 வரி மூன்றுக்கு, அடுத்த 16 வரி நான்குக்கு. 64ஐ அப்படியே விட்டால் சுற்று நடுவில் அறுந்து, உடுக்குக்காரர் தடுமாறுவார்.

இனி மாமாவின் கேம்போய். அடுத்த மாதத்துக்கு அது தேவையில்லை. ஆனால் வாங்கினால் 1989இல் வந்த முதல் கேம்போயையோ கேம்போய் கலரையோ வாங்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் எஸ்பி வேண்டாம், அதில் ஹெட்போன் துளை இல்லை. ட்ராக்கருக்கு, கேம்போயிலேயே ஓடும் எல்எஸ்டிஜே. அதன் லைவ் முறையில் ஒவ்வொரு சனலையும் வெவ்வேறு நேரத்தில் தொடங்கலாம். அதற்கு 128 கிலோபைட் சேமிப்பு உள்ள ஃபிளாஷ் காட்ரிட்ஜ், அதாவது லப்டொப்பிலிருந்து ஏற்றி எழுதக்கூடிய கேம் காட்ரிட்ஜ், வேண்டும். மலிவானவை பலவற்றில் 32தான் இருக்கும், விற்பவரிடம் கேட்டே வாங்க வேண்டும். உள்ளே உள்ள பொத்தான் பற்றரி செத்தால் பாட்டுகளும் போகும் வகை என்றால், கிழமைக்கு ஒருமுறை லப்டொப்பில் பிரதி எடுங்கள்.

முதல் கேம்போய்க்கு நான்கு சின்னப் பற்றரி, மொத்தம் 6 வோல்ட். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி வன்னிக்குள் வர விடாதபோது, நாங்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். டைனமோவும் 6 வோல்ட் என்பதால் இந்த யோசனை உங்களுக்கும் வரும். நேரடியாகக் கொழுவவே கூடாது. அது மாறுதிசை மின், மிதிக்கும் வேகத்தோடு வோல்ட்டும் ஏறும். சார்ஜ் செய்யும் பற்றரி நான்கு வாங்குங்கள், போதும்.

கடைசியாக ரீவி கேம். காட்ரிட்ஜ் போடும் வாய் இருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டுகள் உள்ளேயே பதித்த வகை என்றால் அதில் பாட்டுப் போட வழியில்லை. வாய் இருந்தால், அதற்குப் பொருந்தும் 60 முள் ஃபிளாஷ் காட்ரிட்ஜும், அந்த இயந்திரத்தின் சத்தத்துக்கான ட்ராக்கரான ஃபாமிட்ராக்கரும் வேண்டும். நின்டெண்டோவின் ஃபாமிகொமைப் பார்த்துச் செய்த இத்தகைய நகல் இயந்திரங்கள் பலவற்றில், பல்ஸ் அலை ஒரு சுற்றில் மேலே நிற்கும் பங்கைக் குறிக்கும் 25 சதவீதமும் 50 சதவீதமும் இடம் மாறியிருக்கும். மெட்டின் நிறம் வேறாகக் கேட்டால் அந்த இரண்டையும் மாற்றிப் போடுங்கள். 60 ஹேர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 துடிப்பில், எழுதிய பாட்டு, 50இல் ஓடும் இயந்திரத்தில் மெதுவாகப் போகும். ஸ்பீட், அதாவது ஒரு வரிக்கு எத்தனை துடிப்பு என்பது, 6 என்று இருந்ததை 5 ஆக்குங்கள், இரண்டிலும் நொடிக்கு 10 வரிதான்.