1861-க்குப் பிறகும் ஏன் கொந்தளிப்பு?

வணக்கம். 1861-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் பண்ணையடிமை முறையை ஒழித்துவிட்டார் என்றால், 1905-இல் குடியானவர்கள் பண்ணை மாளிகைகளைக் கொளுத்தியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டுரை அங்கேயே நிற்கிறது என்றும் சொன்னீர்கள். அந்த ஆணையின் பண ஏற்பாட்டைப் பாருங்கள், வழி கிடைக்கும்.

விடுதலை கிடைத்தது, நிலம் சும்மா கிடைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக உழுத மண்ணுக்கே அவர்கள் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அதில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அரசு பண்ணையாருக்குப் பத்திரங்களாகக் கொடுத்தது. குடியானவர்கள் அந்தக் கடனை 49 ஆண்டுகள், ஆண்டுக்கு 6 சதவீதம் வீதம் அரசுக்குக் கட்டவேண்டும். பல இடங்களில் இந்த விலை சந்தை மதிப்பைவிட அதிகம். போதாததற்கு, கருமண் பகுதிகளில் முன்பு உழுத நிலத்திலேயே ஒரு பங்கைப் பண்ணையார்கள் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இதுதான் மிகக் கொடுமையாகப் படுகிறது.

தவணைக்கு ஊர்ச் சமூகமே கூட்டுப் பொறுப்பு. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். அதனால் வெளியூர் வேலைக்குப் போகவும் ஊரின் சம்மதம் வேண்டும்.

கசான் மாகாணத்து பெஸ்த்னா கிராமத்தையும் அவசியம் சேருங்கள். 1861 ஏப்ரலில் அந்தோன் பெத்ரோவ் என்ற குடியானவர், ஆணை முழு விடுதலையே தருகிறது என்று ஊராருக்குப் படித்து விளக்கினார். படை சுட்டதில் பலர் இறந்தார்கள். பிறகு அவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

தவணைகள் 1907-இல்தான் ரத்தாயின, அதுவும் கிளர்ச்சி அரசை நெருக்கிய பிறகு. ஒன்று கவனம்: அரசு நிலத்துக் குடியானவர்களுக்கு, பண்ணையார் நிலத்துக் குடியானவர்களைவிடச் சற்று அதிக நிலம் கிடைத்தது. இரண்டு பிரிவினரையும் ஒன்றாக்கி எழுதிவிடாதீர்கள்.