யாருடைய செல், யாருடைய சம்மதம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் ஜார்ஜ் புஷ் ஸ்டெம் செல் ஆராய்ச்சியைத் தடை செய்ததாகவும், ஒபாமா வந்து அந்தத் தடையை நீக்கியதாகவும் படித்தேன். மருத்துவ ஆராய்ச்சியில் அரசியல்வாதிகளுக்கு என்ன வேலை?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: புஷ் ஆராய்ச்சியைத் தடை செய்யவில்லை; அதற்கு மத்திய அரசின் பணம் போவதைத்தான் கட்டுப்படுத்தினார். இந்த வேறுபாடு பிடிபட்டால்தான் பின்னால் நடந்தவை விளங்கும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்சனின் குழு 1998-இல் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களை, பிரித்தெடுத்து ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டியது. செயற்கைக் கருத்தரிப்புக்காக உருவாக்கப்பட்டு, தம்பதியருக்குத் தேவைப்படாமல் எஞ்சிய கருக்களே அதற்குப் பயன்பட்டன. ஏறத்தாழ ஐந்து நாள் வளர்ந்த அக்கரு முற்றுப்புள்ளியைவிடச் சிறியது; அதன் உட்புறச் செல்கள் உடலின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடியவை. அவற்றை எடுக்கும்போது கரு அழிந்துவிடுகிறது. நரம்பு நோயாளிகளும் நீரிழிவு நோயாளிகளும் அதில் நம்பிக்கையைக் கண்டார்கள். கருவுற்ற நொடியிலிருந்தே மனித உயிர் என்று கருதும் கத்தோலிக்கத் திருச்சபையும் கருக்கலைப்பை எதிர்ப்பவர்களும் அதில் ஓர் உயிர் பறிக்கப்படுவதைக் கண்டார்கள்.

மனிதக் கருவை அழிக்கும் ஆய்வுக்கு மத்திய அரசின் நிதி கிடையாது என்ற விதி, கிளிண்டன் ஆட்சியிலேயே, 1996 முதல் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இடம்பெற்று வந்தது. 2001 ஆகஸ்ட் 9 அன்று புஷ் ஒரு நடுவழியை அறிவித்தார்: அந்த நாளுக்கு முன்பே உருவாக்கப்பட்டுவிட்ட செல் வரிசைகளில் (ஒரு கருவின் செல்களிலிருந்து ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கப்படும் செல் தொகுதிகளில்) நடக்கும் ஆய்வுக்கு அரசு நிதி உண்டு, அதற்குப் பிறகு உருவாகுபவற்றுக்கு இல்லை. அறுபதுக்கும் மேற்பட்ட வரிசைகள் இருப்பதாகச் சொல்லப்பட்டாலும், ஆய்வாளர்களின் கைக்கு வந்து சேர்ந்தவை ஏறத்தாழ 20 மட்டுமே. அரசுப் பணத்தில் வாங்கிய கருவியைப் புதிய செல் வரிசைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதால், இரண்டையும் ஆராய்ந்தவர்கள் கருவிகளையும் கணக்குகளையும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கலிபோர்னியா மக்கள் 2004-இல் வாக்கெடுப்பின் மூலம் 300 கோடி டாலரைத் தங்கள் மாநில ஆய்வுக்கு ஒதுக்கினார்கள். கட்டுப்பாட்டைத் தளர்த்தி நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை 2006-இல் புஷ் நிராகரித்தார். அதிபராக அவர் மறுப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தியது அதுவே முதல் முறை. 2009 மார்ச்சில் ஒபாமா நீக்கியது 2001-ஆம் ஆண்டின் வரம்பைத்தான். 1996-ஆம் ஆண்டின் விதி தொடர்ந்ததால், கருவிலிருந்து செல்லைப் பிரித்தெடுக்கும் செயலுக்கு அவர் காலத்திலும் மத்திய அரசின் பணம் கிடைக்கவில்லை.

பொதுமக்களின் வரிப்பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று மக்கள் பிரதிநிதிகள் விவாதிப்பது அவர்களுடைய வேலைதான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தம் வேறு. இத்தனை ஆண்டுக்கால வாக்குவாதமும் பெரும்பாலும் கருவின் தகுதியைச் சுற்றியே நடந்தது. அரசுப் பணத்துக்குக் கடுமையான விதிகளை வகுத்தவர்கள், தனியார் பணத்தில் நடக்கும் அதே ஆய்வை ஏறக்குறைய அதன் போக்கிலேயே விட்டார்கள். கருமுட்டை தரும் பெண்ணின் நலனுக்கும், நாளை வரப்போகும் சிகிச்சை ஏழைக்கு எட்டுமா என்ற கேள்விக்கும் அந்த விவாதத்தில் மிகக் குறைந்த இடமே கிடைத்தது.

கேள்வி: தோல் செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்ற முடியும் என்று ஜப்பானின் யமனாக்கா கண்டுபிடித்துவிட்டாரே! இனி இத்துறையில் அறச்சிக்கலுக்கு இடமில்லை அல்லவா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: 2006-இல் எலியின் செல்லிலும், 2007-இல் மனிதச் செல்லிலும் ஷின்யா யமனாக்கா அதைச் செய்து காட்டினார், 2012-இல் பிரிட்டன் விஞ்ஞானி ஜான் கர்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கருவை அழிக்க வேண்டிய தேவையை அது பெருமளவு குறைத்தது உண்மை. ஆனால் கரு மட்டுமே இத்துறையின் அறச்சிக்கலாக இருந்ததில்லை என்பதற்குத் தென்கொரியாவே சாட்சி.

சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹ்வாங் வூ-சுக், குளோனிங் எனப்படும் படியாக்க முறையில் மனிதக் கருவை உருவாக்கி ஸ்டெம் செல் எடுத்துவிட்டதாக 2004-இலும் 2005-இலும் கட்டுரைகள் வெளியிட்டார். அரசு அவரை நாட்டின் உச்ச விஞ்ஞானி என்று கொண்டாடியது. அவருடைய ஆய்வுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் பயன்படுத்திய கருமுட்டைகள் எப்படிக் கிடைத்தன என்று எம்.பி.சி. தொலைக்காட்சி கேட்டபோது, மக்களில் பலர் நாட்டுப்பற்றின் பெயரால் அந்தத் தொலைக்காட்சியின் மீதே பாய்ந்தார்கள், விளம்பரதாரர்கள் விலகிக்கொண்டார்கள். முட்டை தந்தவர்களில் சிலருக்குப் பணம் தரப்பட்டதும், அவருடைய ஆய்வகத்திலேயே பணியாற்றிய இளம் பெண்கள் முட்டை தந்ததும் பிறகு வெளியாயின. கட்டுரைகள் இரண்டும் பொய் என்று 2006 ஜனவரியில் பல்கலைக்கழகத்தின் விசாரணைக் குழு உறுதி செய்தது.

உலகம் அந்தப் போலித் தரவுகளைத்தான் அதிகம் பேசியது. எனக்கோ, அந்த ஆய்வுக்குள் சென்ற 2,000-க்கும் மேற்பட்ட கருமுட்டைகளே பெரிதாகத் தெரிகின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு பெண் நாள்கணக்கில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மருத்துவமனையில் சேரும் நிலைகூடச் சிலருக்கு ஏற்படும். தன் ஆய்வுப் பட்டமும் வேலையும் எவர் கையில் இருக்கின்றனவோ அவருக்கே முட்டை தரும் மாணவியின் கையெழுத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று எப்படி ஏற்பது? யமனாக்காவின் முறையில் முட்டை தேவையில்லை. ஆனாலும் தன் தோல் செல்லைத் தந்தவருக்கு, அது ஆண்டுக்கணக்கில் வளர்க்கப்படும், விற்கப்படும், வேறு ஆய்வுக்கும் செல்லும் என்பதெல்லாம் சொல்லப்பட்டதா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம். ஸ்டெம் செல் ஊசி போட்டால் பேச்சு வரும் என்று ஒரு மருத்துவமனையில் சொல்கிறார்கள். சில லட்சம் ஆகுமாம். நகையை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறோம்.
– வாசகி, மதுரை

பதில்: அம்மா, தயவுசெய்து விற்காதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பலன் தரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இதுவரை இல்லை. தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் அதைப் பரிந்துரைக்க மறுத்துவிட்டது. ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்கு, ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களைச் செலுத்திச் செய்யப்படும் எலும்பு மஜ்ஜை மாற்று நீண்டகாலமாக நிலைபெற்ற சிகிச்சை. அத்தகைய ரத்த நோய்களைத் தவிர்த்து, ஸ்டெம் செல்லை முறையான மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே கொடுப்பது நெறிக்குப் புறம்பானது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

இது பரிசோதனைதான் என்று அவர்கள் சொன்னால், இந்திய மருத்துவப் பரிசோதனைகளின் பதிவேட்டில் உள்ள பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் எழுத்தில் கேளுங்கள். பரிசோதிக்கப்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். பேச்சுப் பயிற்சியும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் செயல்முறைப் பயிற்சியும் மெதுவாகவே பலன் தரும், ஆனால் அவற்றுக்கு ஆதாரம் இருக்கிறது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் இயங்கும் குழந்தைகளுக்கான ஆரம்ப இடையீட்டு மையத்தில் அவற்றை இலவசமாகப் பெற வழியுண்டு. மகனை முதலில் அங்கே அழைத்துச் செல்லுங்கள்.